காலி செய்த வீட்டின் சாவி

"இது என் தப்பா? நீங்களே சொல்லுங்க டீச்சர்!"

வந்த வேகத்தில் பரஞ்சோதி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அடியில் ஓடுகிற கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு; நிரல் நூலகம் என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் அதுதான், பேங்கிலும் அதுதான். அதில் ஒரு பகுதியைச் சம்பளம் இல்லாமல் வருஷக்கணக்காகக் கட்டிக் காக்கிற மனுஷர் இவர். அதிலே ஓட்டை என்று எவனோ எழுதிவிட்டான். கோபம் வராமல் என்ன செய்யும், பாவம்!

நாச்சியார் டீச்சர் வயதில் இவரைவிடச் சின்னவர். ஆனாலும் இவர் குருவாக ஏற்றுக்கொண்டது அவரைத்தான்.

"என்ன ஓட்டையாம்?"

"கம்ப்யூட்டர் நினைவகத்துல கொஞ்சம் இடம் வாங்கினேன். வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துட்டேன். அந்த இடத்தோட முகவரி மட்டும் நிரல்ல தங்கிப்போச்சு. அதை வெச்சுத் திருடன் உள்ள வரலாமாம். கொடுத்துட்ட இடத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? குறையே இல்லைன்னு பதில் போடப் போறேன்."

டீச்சர் அவர் கையைப் பார்த்தார். கோபத்தில் சாவிக்கொத்து சுழன்றுகொண்டிருந்தது.

"அந்தப் பித்தளைச் சாவி எந்த வீட்டோடது?"

"பழைய வாடகை வீடு. காலி பண்ணிட்டேன். இது டூப்ளிகேட், கொடுக்க மறந்துட்டேன். நான் என்ன அங்க போகவா போறேன்?"

விலாசம் எழுதின அட்டை அதிலேயே தொங்கியது.

"வாங்க, டீ குடிக்கலாம்."

குடித்து முடித்ததும் டீச்சர் அந்தச் சாவியை மட்டும் அட்டையோடு கழற்றச் சொன்னார். வாங்கி, டீக்கடை பெஞ்சில் வைத்தார்.

"போகலாமா?"

"சாவி?"

"காலி பண்ணின வீடுதானே!"

பரஞ்சோதி கூடவே நடந்தார். திரும்பிப் பார்த்தார். நடந்தார். மறுபடி திரும்பினார். பைக்கில் வந்த இரண்டு பேர் அந்த பெஞ்சில் உட்காரப் போனார்கள். ஒருவன் குனிந்து அட்டையைப் பார்த்தான்.

"ஐயோ!"

அந்தக் கனத்த உடம்பு அப்படி ஓடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். போய்ச் சாவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

டீச்சர் மெதுவாகப் பின்னால் வந்தார்.

"என்னாச்சு?"

"அந்த வீட்டுல இப்ப ஒரு பொண்ணு கைக்குழந்தையோட தனியா இருக்கா டீச்சர்! புருஷன் வெளியூர்ல." அவருக்கு மூச்சு வாங்கியது.

"அது உங்க வீடு இல்லையே."

பரஞ்சோதி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலயும் அதுதானே ஓடுது..." என்றார்.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தார். இன்னொரு டீ சொன்னார். அதை அவர் குடிக்கவில்லை.

"கிளம்பறேன் டீச்சர். முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சாவியைக் கொடுக்கணும். அப்புறம் போய் வேலையில உட்காரணும்."

"எவனுக்கோ பதில் போடணும்னீங்களே?"

"போடணும்." பரஞ்சோதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புண்ணியவான் பேர் என்னன்னுகூட நான் பார்க்கலை டீச்சர்."