சிவத்தி விட்ட ஓட்டை

சிவத்தியைக் கொண்டையன் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு காலை வேளையில். அவள் பழைய கூட்டிலிருந்து ஒரு நார் உருவிக்கொண்டிருந்தாள்.

இருவரும் சின்னான் குருவிகள். தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்புப் பொட்டு. காட்டோரத்தில் ஒரு சுனை இருந்தது. அதன் கரையில் முள் நிறைந்த ஒரு காரைப் புதர். அந்தப் புதருக்குள்தான் அவர்கள் வீடு. கூட்டில் மூன்று குஞ்சுகள், இன்னும் சரியாக இறகு முளைக்காதவை. போன வருஷத்துக் கூடு பக்கத்துக் கிளையில் பாதி பிரிந்து தொங்கியது.

"பழசைப் போய் எதுக்குப் பிரிச்சுக்கிட்டு இருக்கே? காடு பூரா நார் கிடக்குதே!" என்றான் கொண்டையன்.

"இதுக்கு என்ன குறை? மழையும் வெயிலும் பார்த்த நார். புதுசுன்னா காய்ஞ்சதும் சுருங்கும், கூடு கோணிப் போகும். இது இருந்த இடத்திலே இருக்கும்" என்றாள் சிவத்தி.

"உன் சிக்கனத்துக்கு ஓர் அளவே இல்லை! அடியிலே பாரு, வெளிச்சம் தெரியுது. நார் பத்தாம ஓட்டை விட்டுட்டே!"

சிவத்தி சிரித்தாள். "பத்தாம விட்டது இல்லை, வேணும்னே விட்டது. நான் இல்லாத நேரம் பார்த்து அதை அடைச்சு வெச்சிராதீங்க!"

"ஏன்? அப்படி என்ன இருக்கு அதிலே?"

அதற்குள் குஞ்சுகள் வாயைப் பிளந்தன. "பசிக்குது! பசிக்குது!"

"முதல்லே இதுகளுக்கு ஒரு புழு. வந்து சொல்றேன்" என்று சொல்லி, உருவிய நாரைப் புதுக் கூட்டின் விளிம்பில் செருகிவிட்டுப் பறந்தாள்.

சுனைக்கு மேலே ஒரு வல்லூறு சுற்றிக்கொண்டிருந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை. சிவத்தி திரும்பி வரவில்லை.

அழுவதற்குக் கொண்டையனுக்கு நேரம் கிடைக்கவில்லை. குஞ்சுகளுக்குப் பசி நிற்கவில்லை. விடிந்ததும் பறந்தால் பொழுது சாயும்வரை பறக்க வேண்டியிருந்தது. சிவத்தி இருந்தவரை அவன் இரை கொண்டுவருவதோடு சரி. வீட்டுக்குள் என்னென்ன வேலை நடக்கிறது என்று பார்த்ததே இல்லை.

குஞ்சுகளின் எச்சம் வெள்ளைப் பை போல உருண்டு விழும். அதை யார் எடுப்பது என்று முதல் நாள் அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அலகால் எடுத்துப் போய்ப் போட்டான்.

"அப்பா மூஞ்சியைப் பாரேன்!" என்று மூத்தவன் சிரித்தான். கூடவே மற்ற இரண்டும் சிரித்தன. அம்மா போனபின் அவை சிரித்தது அன்றுதான்.

சிவத்தி கூட்டுக்குள் வேப்பங்கொழுந்து பரப்பி வைப்பாள். அழுக்கானால் அதை அப்படியே புதரடியில் தள்ளிவிட்டு வேறு கொழுந்து கொண்டுவருவாள். பூச்சி அண்டாது. துவைக்கும் வேலையும் இல்லை. தள்ளிய இலை புதரடியில் மட்கிக் கிடந்தது. ஒரு நாள் கொண்டையன் அதைக் கிளறிப் பார்த்தான். உள்ளே கொழுத்த புழுக்கள்! பிள்ளைகளைக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்துக்கொண்டே அவள் எப்படி இரை தேடினாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஆனால் அந்த ஓட்டை மட்டும் புரியவில்லை.

சுனைக்கரையில் ஒரு மொட்டைப் பனை நின்றது. அதன் பொந்தில் மஞ்சக்காலி என்ற மைனா குடியிருந்தாள். சிவத்தி அவளை அக்கா என்று கூப்பிடுவாள். அதனால் கொண்டையனுக்கு அவள் மதினி. மனசு நல்லது, வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒரு நாள் அவள் புதருக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன கொழுந்தனாரே, இது கூடா, சல்லடையா? அடியிலே காத்து வருது. தாயில்லாத பிள்ளைகள், சளி பிடிச்சா யார் பார்க்கிறது?"

"சிவத்தி கட்டினது, மதினி. அந்த ஓட்டையை அடைக்க வேண்டாம்னு சொன்னா."

"ஏன்னு சொன்னாளா?"

"சொல்லலை. வந்து சொல்றேன்னு போனா..."

மஞ்சக்காலி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தணித்தாள். "அவள் தங்கமானவள்தான். கஞ்சத்தனம் மட்டும் கொஞ்சம் உண்டு. எங்க வீட்டை வந்து பாருங்க!"

கொண்டையன் போய்ப் பார்த்தான். பொந்து முழுக்க நீல நிறப் பாலித்தீன் தாள் விரித்திருந்தது. சுவர் ஓரமாகச் சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளித் தாள். வாசலில் சிவப்பு நைலான் நூல் தோரணம் போலத் தொங்கியது. அவள் குஞ்சுகள் அதைப் பிடித்து இழுத்து விளையாடின.

"ஒரு சொட்டுக் காத்து நுழையாது! எல்லாம் சும்மா கிடைக்குது. லீவு நாளிலே சுனைக்கு வர்ற மனுஷங்க சாப்பிட்டுப் போட்டுட்டுப் போறாங்க. அள்ளிக்க வேண்டியதுதான்!" என்றாள் மஞ்சக்காலி.

கொண்டையனுக்கு ஆசை வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. என் பிள்ளைகள் மட்டும் ஓட்டைக் கூட்டில் இருப்பதா? மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிடும் பாறைக்குப் போனான். ஒரு பாலித்தீன் பையைக் கவ்வினான். வழியெல்லாம் அது காற்றில் புடைத்து அவனைப் பின்னால் இழுத்தது. மூச்சு வாங்க வாங்கக் கொண்டுவந்து சேர்த்தான். அலகாலும் காலாலும் இழுத்து, கூட்டுக்குள் கிண்ணம் போலப் பரப்பினான். ஓட்டை மறைந்தது.

"எப்படி இருக்கு வீடு?" என்று பெருமையாகக் கேட்டான்.

"வழுக்குது!" என்றான் மூத்தவன்.

"சரசரன்னு சத்தம் போடுது" என்றது நடுக்குஞ்சு.

கடைக்குட்டி கூட்டின் ஓரத்துக்கு நகர்ந்தது. விளிம்பில் அம்மா செருகிய நாரை அலகால் பிடித்துக்கொண்டு நின்றது.

"போகப் போகப் பழகிடும்!" என்றான் கொண்டையன்.

பழகவில்லை. மத்தியான வெயிலில் தாள் சுட்டது. குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. எச்சம் தாளில் ஒட்டிக்கொண்டு காய்ந்தது. அதைச் சுரண்டுவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இருந்தாலும் தாளை எடுக்க மனம் வரவில்லை. பார்ப்பவர்களுக்கு வீடு பளபளவென்று இருந்ததே!

ஒரு நாள் சாயங்காலம் மேற்கே கறுத்தது. கோடை மழை. முதலில் காற்று அடித்தது. பிறகு பாறையில் கல் எறிந்த மாதிரிச் சொட்டுகள் விழுந்தன. அப்புறம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது.

கொண்டையன் கூட்டின் மேல் உட்கார்ந்து இரண்டு சிறகையும் விரித்தான். தண்ணீர் அவன் முதுகில் விழுந்து, சிறகு ஓரமாக வழிந்து, கூட்டுக்குள் இறங்கியது.

"அப்பா, கால் நனையுது!"

"பொறுத்துக்கோ! நின்னுடும்!"

"அப்பா, வயிறு வரைக்கும் வந்துட்டுது!"

கொண்டையன் குனிந்து பார்த்தான். தாள் ஒரு சொட்டையும் கீழே விடவில்லை. கூடு கிண்ணம் போல நிரம்பிக்கொண்டிருந்தது. கடைக்குட்டிக்குக் கழுத்துவரை தண்ணீர். தலையைத் தூக்கிக்கொண்டு நின்ற அது நடுங்கியபடி கேட்டது: "அப்பா, இந்தத் தண்ணி எந்த வழியாப் போகும்?"

அவன் ஓட்டை இருந்த இடத்தைப் பார்த்தான். தண்ணீர் போகத்தான் சிவத்தி வழி வைத்திருந்தாள். அதை அவன் அடைத்துவிட்டான்.

தாளை இழுத்துப் பார்த்தான். குஞ்சுகள் அதன்மேல் நின்றன. இழுத்தால் அவை கவிழ்ந்து கீழே விழும். தண்ணீருக்குள் தலையை விட்டுக் கொத்திப் பார்த்தான். அலகு பட்ட இடம் தொய்ந்து விலகியதே தவிர, தாள் கிழியவில்லை.

"மதினி! மதினி!" என்று கத்தினான். "பிள்ளைகள் முழுகுதுங்க!"

மஞ்சக்காலி தன் பொந்தில் நனையாமல் இருந்தாள். குரல் கேட்டதும் மழைக்குள் பாய்ந்து வந்தாள். கூட்டை எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ கொழுந்தனாரே! என் வீட்டுக்குக் கூரை இருக்கு. உங்க வீட்டுக்கு ஏது? இது என் புத்திக்கு எட்டலையே!"

"அதை அப்புறம் பேசலாம். பிள்ளைகள் மேலே உட்காருங்க! கடைக்குட்டி தலை முழுகாம பிடிச்சுக்கங்க!"

மஞ்சக்காலி சிறகை விரித்து உட்கார்ந்தாள். கடைக்குட்டியின் பிடரியை அலகால் கவ்வித் தூக்கிப் பிடித்தாள். கொண்டையன் கூட்டுக்கு அடியில் போய்த் தலைகீழாகத் தொங்கினான். காற்று அவனை முள்ளில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அலகால் தடவித் தடவி, சிவத்தி விட்ட ஓட்டையைத் தேடினான்.

இருந்தது. மேலே நின்ற தண்ணீரின் பாரத்தில் தாள் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கி, நாவல்பழம் போலக் கீழே புடைத்துத் தொங்கியது. இப்போது அது தொய்வாக இல்லை. விண்ணென்று இறுகியிருந்தது.

கொண்டையன் தன் பலத்தையெல்லாம் சேர்த்து ஒரே கொத்தாகக் கொத்தினான்.

தாள் கிழிந்தது! கூட்டுத் தண்ணீர் மொத்தமும் அவன் முகத்தில் கொட்டியது. மூச்சுத் திணறிக் கிளைக்குக் கிளை விழுந்து, ஒரு முள்ளைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"வடிஞ்சுட்டுது! மூணும் இருக்கு! கொழுந்தனாரே, மூணும் இருக்கு!" என்று மேலேயிருந்து மஞ்சக்காலி கத்தினாள்.

மழை விட்டதும் குஞ்சுகளை ஒவ்வொன்றாக விளிம்புக்கு ஏற்றிவிட்டு, இருவரும் தாளை உருவினார்கள். அடியில் நார்க் கூடு அப்படியே இருந்தது. கோணவில்லை, சரியவில்லை. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் காய்ந்தும் விட்டது. கீழேயிருந்து வந்த காற்றில் குஞ்சுகள் சுருண்டு தூங்கின. சளியும் பிடிக்கவில்லை.

மஞ்சக்காலி தாளைக் கவ்விக்கொண்டு போய், மனிதர்கள் வைத்திருந்த தகரக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் போகாமல் கிளையில் நின்றாள். வழக்கமான வாயாடித்தனம் இல்லை.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்லை... என் மூத்தவன் காலிலே அந்தச் சிவப்பு நூல் சுத்தியிருக்கு. கால் வீங்கிப் போயிருக்கு. எனக்கு அறுக்க வரலை. நீங்க கொஞ்சம் வாங்களேன்."

கொண்டையன் போனான். மெல்ல மெல்லக் கொத்தி நூலை அறுத்தெடுத்தான். குஞ்சு நொண்டியது, ஆனால் கால் பிழைத்தது. அன்றே பொந்திலிருந்த தாளும் நூலும் தொட்டிக்குப் போயின. பழைய கூட்டில் மிச்சமிருந்த நாரையெல்லாம் கொண்டையன் பிரித்து மதினிக்குக் கொடுத்தான்.

"இது நல்ல நாரா?" என்று கேட்டாள் மஞ்சக்காலி.

"மழையும் வெயிலும் பார்த்த நார். சுருங்காது!" என்றான் கொண்டையன். சொன்னபின் சிறிது நேரம் சுனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரை பழுக்கும் காலத்தில் குஞ்சுகளுக்குக் கொண்டை முளைத்தது. மூத்தவன் முதலில் பறந்தான். நடுக்குஞ்சு அவன் பின்னாலேயே போனது. கடைக்குட்டி மட்டும் விளிம்பில் நின்று கேட்டது: "அப்பா, நான் கூடு கட்டினாலும் ஓட்டை விடணுமா?"

"உன் கூடு புதரிலேன்னா விடணும். பொந்திலேன்னா வேண்டாம். எங்கே கட்டுறேன்னு பார்த்துக் கட்டு!"

அதுவும் பறந்து போனது.

அடுத்த வீட்டைப் பார்த்துப் புதிதாக ஒன்றைக் கொண்டுவருமுன், நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பது எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடு இன்னும் அந்தக் காரைப் புதரில் இருக்கிறது. அடியில் வெளிச்சம் தெரிகிறது.