‘வித்’ என்ற சொல்

கஸ்பாருக்கு அறுபத்து மூன்று வயது. தூத்துக்குடியில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர். அவருக்கு ஆங்கிலம் கற்றுத் தந்த பிரிசில்லா டீச்சருக்கு இருபத்தொன்பது. வெளிநாடு போகும் நர்சுகளுக்காக அவர் நடத்திய மாலை வகுப்பில் கஸ்பார் ஒருவர்தான் ஆண்.

சேர்ந்த அன்று டீச்சர் கேட்டார், “எதுக்காகப் படிக்கணும், ஐயா?”

“பேத்திக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும்.”

“மகன்கிட்ட தமிழ்ல பேசலாமே? அவர் பிள்ளைக்குச் சொல்வாரே?”

கஸ்பார் நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் தேதி போட்டார். டீச்சர் மறுபடி கேட்கவில்லை.

நடந்தது தெருவுக்கே தெரியும். மகன் டெல்வின் நியூசிலாந்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். கஸ்பார் போனிலேயே சண்டை போட்டார். இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே என்றார். மூன்று வருடம் கழித்து மனைவி ஜெசிந்தா இறந்தபோது, “ரெண்டு நாள்ல வந்துருவேன், அதுவரைக்கும் அம்மாவை வச்சிருங்கப்பா” என்று டெல்வின் கெஞ்சினான். கஸ்பார் அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார். மகன் வந்து கல்லறைத் தோட்டத்தில் அரைமணி நேரம் நின்றான். வீட்டுக்கு வராமல் அங்கிருந்தே திரும்பிப் போனான்.

அதன்பின் எட்டு வருடம் பேச்சே இல்லை. மருமகள் மட்டும் கிறிஸ்துமசுக்கு ஒரு கார்டு அனுப்புவாள். ஒரு கார்டில் குழந்தையின் படம் இருந்தது. கீழே பெயர்: ஜெசிந்தா. மகன் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தான். அந்தக் கார்டைப் பார்த்த பிறகுதான் கஸ்பார் வகுப்பில் சேர்ந்தார்.

வகுப்பில் சேர்ந்த ஏழாம் மாதம் பேத்தியே ஒரு கடிதம் எழுதினாள். பென்சில் எழுத்து. கஸ்பார் யாரிடமும் கொடுக்காமல் எழுத்துக் கூட்டித் தானே படித்தார். படித்ததும் பட்டறையை மூடிவிட்டு நேராக டீச்சரிடம் வந்தார். நர்சுகள் இன்னும் வந்திருக்கவில்லை.

“டீச்சர், வித்னா ‘ஓடு’, ‘உடன்’னு சொல்லிக் குடுத்தீங்க.”

“ஆமா.”

“பிள்ளை ரெண்டு இடத்துல எழுதியிருக்கு.” அவர் விரலை வைத்து வாசித்தார். “டாடி ஃபாட் வித் யூ. அவ அப்பா என்னோட சண்டை போட்டானாம். அடுத்த வரி, ஐ வான்ட் டு பி வித் யூ. அதுக்கு என்னோட இருக்கணுமாம். சண்டைக்கும் அதே சொல்லு, கூட இருக்கிறதுக்கும் அதே சொல்லா?”

“தமிழ்லயும் அப்படித்தானே சொல்றோம்?”

“வாயால சொல்லும்போது உறைக்கல. இது எழுத்துல இருக்கு.”

டீச்சர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். “ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அந்தச் சொல்லுக்கு ‘எதிரா’ன்னுதான் முக்கியமான அர்த்தம், ஐயா. ‘சேர்ந்து’ன்னு சொல்ல அவங்ககிட்ட வேற சொல் இருந்துச்சு. அது வழக்கத்துலேர்ந்து போயிருச்சு. இது அந்த இடத்துக்கு வந்துருச்சு.”

“எதிரா நின்ன சொல்லு, கூட நிக்கிற சொல்லா எப்படி மாறும்?”

டீச்சர் வலது கையை நிமிர்த்தி நீட்டினார். “உங்க கையை வச்சுத் தள்ளுங்க.”

கஸ்பார் தயங்கினார். கையில் கிரீஸ் கறை. வேட்டியில் துடைத்துவிட்டு உள்ளங்கையை வைத்துத் தள்ளினார்.

“பலமா.”

தள்ளினார். டீச்சரும் விடாமல் எதிர்த்துத் தள்ளினார். மேசையில் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை.

“இப்ப கையில என்ன தெரியுது?”

“உங்க கைச்சூடு” என்றார் கஸ்பார்.

“அப்படித்தான் மாறியிருக்கும்” என்று டீச்சர் கையை எடுத்தார்.

கஸ்பார் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் அவனும் கையை எடுத்துப் பதினோரு வருஷம் ஆச்சு, டீச்சர்.”

டீச்சர் ஒரு தாளை அவர் முன்னால் வைத்தார். கீழே கிடந்த பேனாவை எடுத்துத் தந்தார்.

கஸ்பார் எழுதினார். முதல் வரி, உன் அப்பா சொன்னது உண்மை என்றது. இரண்டாம் வரி, தப்பு என்னுடையது என்றது. இரண்டையும் பிழையில்லாமல் எழுதினார். மூன்றாம் வரியில், எனக்கு இருக்க ஆசை என்பது வரை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நின்றுவிட்டார்.

“என்ன எழுதணும்?”

“டெல்வினோட.”

“எழுதுங்க.”

“அவன் பேரை எழுதிப் பதினோரு வருஷம் ஆச்சு.” “எழுதினா மட்டும் வந்துருவானா?”

அவர் நிறுத்திய இடத்தில் டீச்சர் விரலை வைத்தார்.

“தமிழ்ல ஆளைச் சொன்ன பிறகுதான் ‘ஓடு’ங்கறது வந்து ஒட்டும். இங்கிலீஷ்ல அப்படி இல்ல, ஐயா. வித் முன்னாலயே போய் நிக்கும். ஆள் பின்னாடிதான் வரும். நீங்க முதல்ல அதை எழுதுங்க.”

கஸ்பார் எழுதினார். நான்கு எழுத்து. பிறகு ஓர் இடம் விட்டு, பேனாவைத் தாளில் ஊன்றியபடியே உட்கார்ந்திருந்தார்.