மடித்து வைத்த கிளை

"டீச்சர், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் ஒரே அளவா ஆக்குறது எப்படி?" என்று கேட்டார் அரியமுத்து.

அரியமுத்து அரசாங்கத்தில் உதவிப் பொறியாளர். குடிநீர் வேலை. வயது ஐம்பத்து நான்கு. டீச்சர் ஜெஸீமாவுக்கு இருபத்தொன்பது. ராக்கப்பனின் உரக்கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்.

திங்கட்கிழமை கலெக்டர் கூட்டம். உடைமரத்தூருக்குக் குழாய் போட்டுத் தாருங்கள் என்று அரியமுத்து கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஊர்ப் பெண்கள் இந்தக் கோடையிலும் கண்மாயில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடம் நிரப்புவார்கள்.

மனதில் உள்ளதை எல்லாம் கொட்டுங்கள் என்று டீச்சர் மைண்ட் மேப் மென்பொருள் ஒன்றைக் கற்றுத் தந்திருந்தார். அரியமுத்துவும் கொட்டினார். நடுவில் ஊர்ப் பெயர், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. கண்ணில் படக் கூடாத கிளையை மடித்து மறைத்தும் வைக்கலாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆசையாக ஒரு பட்டனை அமுக்கி அதை ஸ்லைடுகளாக மாற்றினார். தொண்ணூற்றாறு வந்து விழுந்தன.

பதினாலாவதில் 'மற்றும்' என்ற ஒரே சொல். நாற்பதாவதில் 'புதிய கிளை' என்று இருந்தது. அவர் ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்துக்கு மென்பொருளே சூட்டிய பெயர் அது.

டீச்சர் அதைப் புரொஜெக்டரில் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சைக் கை காட்டினார். அரியமுத்து போய் உட்கார்ந்தார்.

"திரையில என்ன இருக்கு, படிங்க சார்."

"ஒண்ணும் தெரியல டீச்சர். பச்சையா ஏதோ இருக்கு."

"சரி. போயிட்டு வாங்க."

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

கீழே உரக்கடை வாசலில் ராக்கப்பன் கேட்டார். "என்ன சார், முடிஞ்சுதா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லைய்யா."

*

இரண்டு நாள் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். எழுத்து எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நீல பார்டர், மூலையில் அரசு முத்திரை. ஸ்லைடுகள் சுழன்று சுழன்று வந்து நின்றன. பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்குத் தலை சுற்றியது.

"எதை அழிச்சீங்க?"

"ஒண்ணையும் அழிக்கல டீச்சர். எல்லாமே முக்கியம்."

டீச்சர் அவித்த கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். பருப்பையும் தோலையும் ஒன்றாக அள்ளி அரியமுத்துவின் கையில் வைத்தார்.

"சாப்பிடுங்க."

டீச்சர் கொடுத்ததாயிற்றே. அரியமுத்து பக்தியோடு தோலையும் சேர்த்து மென்றார்.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், தோலைத் துப்புங்க."

*

சனிக்கிழமை டீச்சரே மவுஸைப் பிடித்தார்.

'மற்றும்' போனது. 'புதிய கிளை' போனது. மவுஸ் அடுத்த ஸ்லைடுக்கு நகர்ந்தது.

"ஐயோ, அது மழைக் கணக்கு டீச்சர். நாப்பது வருசத்துக்கும் சேகரிச்சு வெச்சிருக்கேன்."

"கலெக்டர் கேப்பாரா?"

"கேக்க மாட்டார்."

அதுவும் போனது. பைப்பின் வரலாறு போனது. நன்றி சொல்லும் ஸ்லைடுகள் மட்டும் ஏழு இருந்தன. ஒன்றாவது மிஞ்சும் என்று அரியமுத்து நினைத்தார். ஏழும் போயின.

முதலில் அறுபத்தேழாவதாக இருந்த ஸ்லைடில் டீச்சரின் கை நின்றது.

'குடிநீர்த் தொட்டிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டது நான். அங்கே உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஆடு மேய்க்கும் பேச்சி சொன்னார். பரிசோதனை முடிவு வரும்வரை நான் பொறுக்கவில்லை. தவறு என்னுடையது.'

அரியமுத்து பாய்ந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். அந்த வரிகள் இப்போது அவர் சட்டையில் ஓடின.

"இது எப்படி வந்துச்சு? இந்தக் கிளையை நான் மடிச்சுல்ல வெச்சிருந்தேன்!"

"படத்துலதான் சார் மடியும். ஸ்லைடா மாத்துனா மடிச்சது எல்லாம் விரிஞ்சுடும்."

"அழிச்சிருங்க டீச்சர்."

"மத்ததை நான் அழிச்சேன். இதை நீங்க அழிங்க."

அரியமுத்து உட்கார்ந்தார். டெலீட் பட்டன்மேல் விரலை வைத்தார்.

"சார், உடைமரத்தூர்ல தொட்டி கட்டி மூணு வருசம் ஆச்சுல்ல?"

"ஆச்சு."

"கலெக்டர் பைல்ல என்ன இருக்கும்?"

"பணி நிறைவடைந்ததுன்னு இருக்கும். நான்தான் எழுதினேன்."

"நிறைவடைஞ்ச ஊருக்கு எதுக்குக் குழாய்னு கேட்டா?"

அரியமுத்து மீதி இருந்த ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் எதிலும் இல்லை. மறுபடி அறுபத்தேழுக்கே வந்தார்.

"வேலைக்கு ஆபத்து டீச்சர்."

அரியமுத்துவின் விரல் மறுபடி டெலீட் பட்டனுக்குப் போனது.

"எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கும் சார்."

அரியமுத்து விரலை எடுத்தார். "இதுக்கு எழுத்து எந்த அளவு வைக்கணும்?"

டீச்சர் எழுந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அரியமுத்து ஓர் அளவு கூட்டினார்.

"தெரியல சார்."

இன்னோர் அளவு.

"இன்னும்."

அப்போது ராக்கப்பன் இரண்டு டீயோடு படியேறி வந்தார். வாசலில் நின்றபடியே திரையைச் சத்தமாகப் படித்தார். 'தவறு என்னுடையது' வரை படித்துவிட்டு அப்படியே நின்றார்.

"உடைமரத்தூர்த் தொட்டியா சார்?"

அரியமுத்து தலையை ஆட்டினார்.

"எங்க அக்காவை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. அய்யனார் கோவத்துலதான் தண்ணி உப்பாப் போச்சுன்னு ஊரே சொல்லுது. மூணு வருசமா வருசத்துக்கு ஒரு கிடா வெட்டிக்கிட்டு இருக்காக சார்!"



மூன்று கிடாய்கள். அரியமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணில் தண்ணீரும் வந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"போதும் சார், இப்ப நல்லாத் தெரியுது," என்றார் டீச்சர் கடைசி பெஞ்சிலிருந்து.

"உங்களுக்குத் தெரியும் டீச்சர், ஊருக்குத் தெரியணும்ல," என்று சொல்லிவிட்டு, அரியமுத்து இன்னும் ஓர் அளவு கூட்டினார்.