ஆவுடையப்பர் மடியில் படுத்த நாய்

பாளையங்கோட்டையில் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடையில் இசக்கி வேலை பார்த்தாள். அந்தக் கட்டடமே ரைஸ்மில் ஆவுடையப்பருடையது. ஒருநாள் அவர் தன் சடைநாய் பவுனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் முடியெல்லாம் சிக்குப் பிடித்து, தேங்காய் நார் கால்மிதி மாதிரி கிடந்தது.

“வீட்டுல தினமும் நானேதான் சீவுறேன். இது போன மாசம் நீ குளிப்பாட்டின லட்சணம். ஒரு முடிகூட வெட்டாம சிக்கை எடு. இல்லேன்னா கடையைக் காலி பண்ண வச்சிருவேன்” என்றார்.

கடை முதலாளிக்கு வேர்த்துவிட்டது. இசக்கி அசரவில்லை.

“எடுத்திரலாம் ஐயா. ஆனா வலியில பவுன் கடிக்கும். தினமும் சீவுற கைக்குத்தான் அடங்கும். நீங்க கீழ உக்காந்து இந்தச் சீப்பைக் காட்டுங்க. பழக்கத்துல தானா வந்து மடியில படுத்திரும்.”

ஆவுடையப்பர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீப்பை நீட்டினார். பவுன் அதை மோந்து பார்த்தது. எலும்பென்று நினைத்து ஒரு கடி கடித்தது. ருசிக்கவில்லை, வாசலுக்குப் போய்விட்டது.

காத்திருந்த ஸ்டெல்லா டீச்சரின் பொமரேனியன்தான் சீப்பைக் கண்டதும் ஓடிவந்து, அவர் மடியில் ஏறி மல்லாந்து படுத்தது.

கடையே சிரித்தது.

“வெட்டிரும்மா” என்றார் ஆவுடையப்பர், தலையைத் தூக்காமல்.

இசக்கி நிமிர்ந்து நின்று கத்தரியை எடுத்தாள்.

“வெட்டிருதேன் ஐயா. சீப்பை நீங்களே கொண்டுபோங்க. முடி வளர்றதுக்குள்ள அதைப் பவுனுக்கு அறிமுகப்படுத்தி வைங்க.”