கரடி மார்பில் வெள்ளைப் பட்டை

மிருகங்களெல்லாம் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஜப்பானின் பனிமலைகளில் மல்யுத்தம் ஒரு தொழில். மூன்று மலைகளுக்கு மூன்று குழுக்கள். குழுவுக்கு ஒரு வெள்ளை நார்ப் பட்டை. ஜெயித்தவர் அதை மார்பில் அணிவார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பழமும் கொட்டையும் கொண்டுவந்து குவிப்பார்கள்.

மேற்கு மலைப் பட்டை கென்ஸோ என்ற கரடியிடம் இருந்தது; கிழக்கு மலைப் பட்டை உஷியோ என்ற காட்டுப்பன்றியிடம். வருடந்தோறும் இருவரும் பட்டையைப் பணயம் வைக்காமல் மோதுவார்கள். முடிந்ததும் ஓடையில் இறங்கி ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவார்கள். கென்ஸோவுக்கு வேறு சொந்தம் கிடையாது.

வடக்கு மலைப் பட்டையையும் கென்ஸோ ஜெயித்த வருடம், நடுவரான குரங்கு சொன்னது: "இனி ஒரே பட்டைதான். நீங்கள் இருவரும் மோதுங்கள். ஜெயித்தவரே மூன்று மலைக்கும் வீரர்."

உஷியோ கென்ஸோவைத் தனியே அழைத்தது. "வேண்டாம்ப்பா. இது முடிஞ்சா அப்புறம் நமக்கு என்ன இருக்கு?"

"பயமா?" என்றது கென்ஸோ.

உஷியோ களத்தில் இறங்கியது. வெயில் சாயும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கென்ஸோ உஷியோவைத் தூக்கி எறிந்தபோது, அதன் தோள் முறிந்த சத்தம் பின்வரிசைவரை கேட்டது.

குரங்கு மூன்று பட்டைகளையும் ஒன்றாகத் தைத்து, கென்ஸோவின் மார்பில் பிறைபோல் வளைத்துக் கட்டியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. உஷியோ நொண்டிக்கொண்டே மலையிறங்கிப் போய்விட்டது. ஓடையில் கென்ஸோ தனியாகக் குளித்தது. முதுகுக்குக் கை எட்டவில்லை.

மறுவருடம் மோத யாரும் வரவில்லை. உஷியோவையே உடைத்தவனிடம் யார் போவார்கள்? குழுக்கள் கலைந்தன. களத்தில் புல் முளைத்தது.

கென்ஸோ பள்ளத்தாக்குக்கு உஷியோவைத் தேடிப் போனது. உஷியோ தன் குட்டிகளோடு கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

"இந்தப் பட்டையை நீயே வெச்சுக்கோ. நான் வந்து மோதி எடுத்துக்கறேன்."

"இந்த முன்னங்காலைத் தூக்கவே முடியலப்பா. கோபமெல்லாம் இல்லை. போயிட்டு வா."

கோபப்பட்டிருந்தால்கூடக் கென்ஸோவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பட்டையைப் பிய்த்தெறியப் பார்த்தது. ஆனால் அது ரோமத்தோடு ரோமமாக ஒட்டிப்போயிருந்தது. திரும்பும் வழியில், தன் உயரத்துக்கு நின்ற ஒரு தேவதாரு மரத்தின் முன் இரண்டு காலில் எழுந்து, களத்தில் எதிராளியை வணங்குவதுபோல் தலை குனிந்து வணங்கி, அதை இறுகப் பிடித்தது.

அன்று தொடங்கியதுதான். அந்த மலைக் கரடிகளுக்கு மார்பில் வெள்ளைப் பிறை. அவை கூட்டம் சேர்வதில்லை. ஆளரவமற்ற காட்டில் தனியாக எழுந்து நின்று, இன்றும் மரங்களைக் கட்டிப் பிடிக்கின்றன.