திடலுக்குக் கேட்ட பூ

வெள்ளிப்பாறை மலைக் குமரனுக்குச் சென்னியப்பர் செய்தது விளக்குமாற்றுத் தொண்டு. பொழுது விடியுமுன் மலைப்படிகளைக் கூட்டுவார். சருகை அள்ளி ஓரம் சேர்ப்பார். பூசைக்கு ஆள் வரத் தொடங்கியதும் இறங்கிவிடுவார். அங்கிருந்து பள்ளிக்கு அடுத்த பேரூராட்சித் திடலுக்குப் போய்ச் சுண்ணாம்புத் தூளால் கபடிக் கோடு இழுப்பார். இரண்டையும் அவர் வேறு வேறு வேலையாக நினைத்ததில்லை.

இளமையில் அவரே பேர்போன கபடி வீரர். மாவட்ட இறுதி ஆட்டத்தில் கடைசியாகப் பாடிப் போனவர் அவர்தான். ஒருவனைத் தொட்டுவிட்டார். நாலு பேர் பாய்ந்து காலைப் பிடித்து அமுக்கினார்கள். மூச்சு முட்டிய அந்த நேரத்தில் ‘கபடி’ போய் ‘முருகா, முருகா’ என்று வந்துவிட்டது. பாட்டு மாறினால் ஆட்டக்காரர் வெளியே என்பது விதி. நடுவர் ஊதினார்; கோப்பை போயிற்று. முருகனே வந்து அவுட்டாக்கிவிட்டான் என்று ஊர் சிரித்தது. அணித்தலைவர் முகத்துக்கு நேரே ஏசியபோதும் அவர் கோபப்படவில்லை.

“மூச்சுப் போறப்ப உள்ள என்ன இருக்குதோ அதுதானுங்களே வரும்” என்றார்.

முழங்கால் பிசகியது அன்றைக்குத்தான். பிறகு உடற்கல்வி ஆசிரியரானார். மணமான மறு ஆண்டே மனைவி பூவாத்தாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து ஓர் ஆளுக்கு உலை வைத்தார், ஓர் ஆளாய் உண்டார். பேச வேண்டும் போலிருந்தால் வாசலில் நின்று மலையைப் பார்ப்பார். பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குக் கபடி பழக்குவதிலேயே காலம் போயிற்று. ஓய்வு பெற்றும் திடலை விடவில்லை.

அந்தத் திடலில் கடைகள் கட்டப் பேரூராட்சி முடிவெடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. பெண்பிள்ளைகள் ஓடியாட ஊரில் வேறு இடமில்லை. எத்தனையோ பேரிடம் போய்ச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள், யாரும் அசையவில்லை. கடைசியில் தாமே உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். கிடைத்த சின்னம் சீப்பு. வழுக்கைத் தலையருக்குச் சீப்பா என்று டீக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். ஆனாலும் அவரிடம் ஆடிப் பழகிய பெண்களின் தாய்மார்கள் அவரை வெல்ல வைத்தார்கள்.

வென்று என்ன? மன்றத்தில் கடைகளுக்கு ஆதரவாக மற்ற எல்லாக் கையும் உயர்ந்தது. எதிர்த்து உயர்ந்தது அவருடைய கை ஒன்றுதான். தலைவர் அர்த்தநாரி அதைப் பார்த்து, “கைய இறக்குங்க வாத்தியாரே, வலிக்கப் போகுது” என்றார். தேநீர் வந்தபோது அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிட்டன.

அந்த ஊரில் குமரனிடம் பூக்கேட்காமல் எந்தக் கட்டடத்துக்கும் கடைக்கால் தோண்ட மாட்டார்கள். சாமி தலையில் பூ வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு தலைவர் மலையேறினார். எதிர்த்தவருக்கு அங்கே என்ன வேலை என்று சென்னியப்பரை மட்டும் அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவரோ அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

மேலே பூ விழவில்லை. தீபாராதனை முடிந்து, சூடம் அணைந்து, மறுபடி ஏற்றியும் விழவில்லை. குருக்கள் திரும்பி, மன்றத்தார் எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்டார். ஒருவர் கீழே இருக்கிறார் என்று தலைவர் முனகினார்.

“ஒருத்தரை வெளிய நிறுத்திட்டுக் கேட்டா அவன் எப்படிங்க பதில் சொல்லுவான்? கூட்டிட்டு வாங்க.”

ஆள் போய் அழைத்தது. காலைத் தாங்கித் தாங்கி ஏறி வந்த சென்னியப்பர், எல்லாருக்கும் பின்னால், தூணோரம் நின்று கை குவித்தார். திடலைக் கேட்கவும் அவருக்கு நா எழவில்லை. உள்ளே தமக்கும் இடம் உண்டா என்ற கூச்சத்திலேயே நின்றார்.

பூ அசைந்தது. இடப்பக்கம் விழுந்தது.

தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, திடல் திடலாகவே இருக்கட்டும் என்றார். குருக்கள் அந்தப் பூவை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் பின்னால் வந்தார்.

“இவ்வளவு நேரமும் உங்களுக்காகத்தானுங்க காத்திருந்தான்.”

பூவாத்தாள் போனபின் தமக்காக ஒருவர் காத்திருந்தார் என்ற சொல்லை அவர் அன்றுதான் கேட்டார். பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆளில்லா வீட்டிலும் மனம் கோணாது வாழ்ந்த அந்த அடியார் பெருமையை, அவர் வராமல் வாய் திறவாத குமரனே அறிவான்.