மயிலாயி பிடிச்ச கரண்டி

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு மயிலாயி. அவளுக்கு எல்லாமே இடது கைதான். கோலம் போட்டாலும் இடது கை, கொசு அடிச்சாலும் இடது கை. ‘ம்’ கொட்டுடி. ம்... அப்படித்தான்.

அவ அக்கா அஞ்சலைக்குக் கல்யாணம் வந்துச்சு. அக்கா சொல்லிட்டா, “கல்யாணச் சோறு நீ உன் கையால போட்டாத்தான்டி எனக்கு எறங்கும்.” மயிலாயிக்குத் தலைகால் புரியல.

ஆனா பந்திக்கு ராணி யாரு? வீரம்மா அத்தை. அப்பாவுக்கே மூத்தவங்க. இடுப்புல சாவிக்கொத்து, வாயில வெத்தல. நடந்தா ஜல்ஜல், பேசினா டமார்!

“பரிமாறணுமா? சோத்துக்கையில பரிமாறு. பீச்சாங்கையில கரண்டியத் தொட்ட, தொலைச்சுப்புடுவேன்!”

அப்போ மொதல்ல அன்னவெட்டி. சப்பையா, அகலமா, சோத்த வெட்டி எடுக்கிற கரண்டி. மயிலாயி வலது கையில புடிச்சா. வெட்டினா, தூக்கினா... பொதக்! சோறு இலைக்குப் போகாம பந்தல்காரர் மடியில போய் உக்காந்துருச்சு.

“பரவால்ல பாப்பா, மடியிலயே பெசைஞ்சுக்கறேன்”ன்னாரு அவரு.

அப்புறம் குழிக்கரண்டி. சாம்பார மொண்டு ஊத்தணும். மொண்டா, நிமிர்ந்தா, சளக்! மாப்பிள்ளையோட சித்தப்பா வேட்டி வெள்ளையா இருந்துச்சு. இருந்துச்சு!

அப்புறம் ஜல்லிக்கரண்டி. ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதான். எண்ணெயில மெதக்கிற வடைய அரிச்சு எடுக்கணும். அரிச்சா, திருப்பினா, டொப்பு... டொப்பு... டொப்பு! மண்ணுல விழுந்த வடைய நாய் லபக்னு கவ்விட்டு ஓடியே போச்சு. அன்னிக்கு மொத வடை அதுக்குத்தான்.

“போடி, போய் அண்டா கழுவு!”ன்னாங்க அத்தை.

பாவம் மயிலாயி. கொல்லையில உக்காந்து அண்டாவ வறக்கு வறக்குன்னு தேய்க்கிறா. அழுகை வருது. கண்ணத் தொடைக்கப் போனா அதுக்கும் இடது கைதான் முந்திக்கிட்டு வருது. வெடுக்குன்னு அந்தக் கையத் தாவணிக்குள்ள ஒளிச்சுக்கிட்டா.

ம்? தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்போ பொண்ணு மாப்பிள்ளை பந்தி. அஞ்சலை இலைய ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டா. “என் தங்கச்சி வரட்டும்.”

பக்கத்து இலையில வீரம்மா அத்தை. “கிறுக்கு! ஆறிப்போகுதுடி”ன்னு சொல்லிக்கிட்டே சாம்பார் சோத்த உள்ள தள்ளுறாங்க. அப்புறம் கத்துறாங்க, “ரசம்! ஏய், ரசம்!”

ஊத்துறவனக் காணோம். ரச வாளி மட்டும் பக்கத்துல நிக்குது. அத்தை டபக்குன்னு கரண்டிய எடுத்தாங்க, மொண்டாங்க, தானே ஊத்திக்கிட்டாங்க.

கொல்ல வாசப்படியிலேர்ந்து மயிலாயி பாத்துட்டா.

“அத்தே! அது எந்தக் கை?”

பந்தியே திரும்பிப் பாத்துச்சு. அத்தை குனிஞ்சு பாத்தாங்க. இடது கை! கரண்டியோட!

“அது... வலது கை எச்சில்டி. சாப்பிடறப்ப எல்லாரும் இப்படித்தானே எடுத்து ஊத்திக்கிறது!”

“அப்ப எனக்குப் பொறந்ததுலேர்ந்தே வலது கை எச்சில்னு வச்சுக்கங்க அத்தே!”

மொதல்ல சிரிச்சது யாரு? அந்தச் சாம்பார் வேட்டி சித்தப்பா. அப்புறம் பந்தியே கொல்லுன்னு சிரிச்சுது. அத்தை மொறைச்சாங்க. மொறைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் மெதுவா, “அன்னவெட்டிய எடுத்துட்டு வாடி. உங்கக்கா பசியோட உக்காந்திருக்கா.”

“எந்தக் கையில அத்தே?”

“உன் கையில!”

மயிலாயி இடது கையில வெட்டினா, தூக்கினா, போட்டா. ஒரு பருக்கை சிந்தல. சாம்பார மொண்டா, ஊத்தினா. ஒரு சொட்டு தெறிக்கல. அஞ்சலை ஒரு வாய் அள்ளி வச்சா, கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

“காரமாக்கா?”

“இல்லடி, பசி.”

அப்போ அத்தை இலைய இழுத்து முன்னால வச்சாங்க. “எனக்கும் ரசம் ஊத்துடி. நான் ஊத்தினது பூராம் முழங்கையில வழியுது.”

அவ்ளோதான். கதைச்சட்டிய வழிச்சாச்சு, அடியில ஒண்ணும் ஒட்டல. தலகாணிக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்கியே ஒரு கை, அத வெளிய எடு. ம்... அதே கையால போர்வைய இழுத்துக்கோ. தூங்கு.